பதினான்கு ஜோடிக் கால்கள்

போன வாரம் டீச்சரை நாம் விட்டுவிட்டு வந்த இடம் பள்ளிக்கூடத்தின் பழைய ஸ்டோர் ரூம் வாசல். கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, "நாளைக்கு ஒழுங்கா நடந்துக்கோ" என்று கதவுக்குப் புத்தி சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். அந்த நாளை இன்று விடிந்துவிட்டது.

காது கேளாத பிள்ளைகள் பதினான்கு பேருக்கு வகுப்பெடுப்பவள் அவள். அரசுப் பள்ளி. பள்ளி ஆசிரியர்கள் தங்கள் வகுப்புக்கென்று புதிதாக ஏதாவது செய்ய நினைத்தால் ஓர் அறக்கட்டளை உதவித்தொகை தருகிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டாள். மற்றவர்கள் கம்ப்யூட்டர் கேட்டார்கள், அலமாரி கேட்டார்கள். இவள் கேட்டது ஒரு மரத்தரை. தரைக்கு அடியில் ஒரு பெரிய ஸ்பீக்கர். தாளம் அடித்தால் காது விட்டுவிட்டாலும் கால் பிடித்துக்கொள்ளும் என்பது அவள் கணக்கு. 'எதிர்பார்க்கும் பலன்' என்ற கட்டத்தில் ஒரே ஒரு வரி எழுதினாள்: என் பிள்ளைகள் பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் காலெடுத்து வைப்பார்கள்.

அந்த வரிக்குத்தான் உதவித்தொகை கிடைத்தது என்று பிறகு கேள்விப்பட்டாள். அந்த வரியை நேரில் பார்க்கத்தான் இன்று பதினொன்றரை மணிக்கு அறக்கட்டளையிலிருந்து ஓர் அம்மாள் வருகிறார். அவருக்குத் திருப்தியாக இருந்தால் இரண்டாம் வருஷமும் திட்டம் தொடரும். இல்லையென்றால் அந்த அறைக்கு மறுபடியும் உடைந்த பெஞ்சுகள்தான்.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த விஷயம். தெரியாத விஷயம் ஒன்று உண்டு.

டீச்சரின் கணவர் மைக் செட் கடை வைத்திருப்பவர். ஸ்பீக்கர் அவருடையது. மரத்தரையைச் செய்தது அவருடைய சொந்தத் தம்பி, தச்சுவேலைக்காரர். அண்ணனும் தம்பியும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. ஒருவருக்குத் தெரியாமல் மற்றவரை வரவழைத்து, திங்கள் முதல் வியாழன் வரை தம்பிக்கு, சனி, ஞாயிறு அண்ணனுக்கு என்று நாள் பிரித்துக் கொடுத்து, இந்த அறையில் இருவர் நிழலும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொண்டவள் டீச்சர். மூன்று வாரமாக இதே வேலை.

காலை ஏழரை மணிக்கு மைக் செட்காரர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தார். அவள் தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது.

"என்ன, தொடவே இல்ல?"

"இறங்க மாட்டேங்குது."

"எதுக்கு இப்படிப் பதறுற? நேத்து போட்டுத்தானே பார்த்தோம். கிண்ணுன்னு இருந்துச்சு."

"நீங்களும் நானும்தான் ஏறிப் பார்த்தோம். வார்னிஷ் காயணும்னு பிள்ளைங்களை விடவே இல்ல."

"பிள்ளைங்க ஏறினா மட்டும் என்ன?" அவர் செருப்பை மாட்டினார். மாட்டிக்கொண்டே கேட்டார். "ஆமா, தரையைச் செஞ்ச ஆள் யாருன்னு சொல்லவே இல்லையே நீ."

டீச்சர் தண்ணீரை எடுத்துக் குடித்தாள். "தெரிஞ்ச ஆள்தான்."

"வேலை சுத்தம்" என்றார் அவர். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் அவள் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சுத்தம் என்று சொன்னாரே, அது பாராட்டா, போட்டு வாங்குகிறாரா?

*

ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் ஸ்டோர் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்தார்கள். புது வார்னிஷ் வாசனையை மூக்கைச் சுளித்து முகர்ந்தார்கள்.

இந்த வகுப்பில் எல்லோருக்கும் இரண்டு பெயர். ஒன்று வருகைப் பதிவேட்டில் இருக்கும். இன்னொன்று கையால் சொல்வது. சட்டைப் பட்டனை எப்போதும் திருகுகிறவன் பட்டன். சிரித்தால் குழி விழுகிற பெண்ணைக் கூப்பிட, கன்னத்தில் ஒரு விரலை வைத்துத் திருப்ப வேண்டும்: கன்னக்குழி. டீச்சரின் பெயர், மூக்கின் மேல் கண்ணாடியைத் தள்ளிவிடுவது. அவள் அதைப் பாடம் நடத்தும்போது நிமிஷத்துக்கு ஒரு தடவை செய்கிறாள் என்று அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள்.

பதினான்கு பேரும் ஏறி நின்றார்கள். டீச்சர் சுவிட்சைப் போட்டாள். டம். டம். டம்.

அவள் எதிர்பார்த்த முகங்கள் வரவில்லை. பட்டன் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தான். இரண்டு பேர் நகர்ந்து நின்று பார்த்தார்கள். ஒருவன் இந்தப் பக்கம் கால் எடுக்க, இன்னொருத்தி அந்தப் பக்கம் எடுத்தாள். டம் என்கிற சத்தத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு 'கிர்ர்ர்' என்று ஒரு கரகரப்பு ஓடுவது டீச்சருக்கே கேட்டது.

கன்னக்குழி முகத்தைச் சுளித்தாள். இரண்டு கைவிரல்களையும் காலில் ஏற விட்டுக் காட்டினாள்.

எறும்பு.

"தாளம் தெரியலையா?" என்று டீச்சர் கையால் கேட்டாள்.

'தெரியுது. ஆனா எறும்பு நிறைய. எது தாளம், எது எறும்புன்னு தெரியல.'

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்பது பத்து. பதினொன்றரைக்கு அந்த அம்மாள் வருவார். கணவருக்குப் போன் போட்டாள்.

*

அவர் ஒன்பதரைக்கு வந்துவிட்டார். பிள்ளைகளை மேலே நிற்க வைத்து, காதைத் தரைக்கு அருகில் கொண்டுபோய்க் கேட்டார். ஆம்ப்ளிஃபயரில் ஒரு குமிழைத் திருகினார், இன்னொன்றைக் குறைத்தார். கரகரப்பு குறையவில்லை.

"செட்ல ஒண்ணும் இல்ல. இது மரம் பேசுற சத்தம்."

"இப்ப என்ன பண்றது?"

"தரையைச் செஞ்ச ஆளைக் கூப்பிடு."

டீச்சர் கண்ணாடியைத் தள்ளினாள். "அவர் வருவாரோ என்னவோ. நீங்க வேணா கடைக்குப் போங்க. நான் பார்த்துக்கிறேன்."

"நான் இருக்கேன்."

"கடையில ஆள் யாரும் இல்லையே."

"கூப்பிடு" என்றார் அவர் பொறுமையாக.

இனி மறைத்துப் பயனில்லை. வராந்தாவுக்குப் போய் நின்று கொழுந்தனுக்குப் போன் செய்தாள். "தம்பி, தரையில ஒரு சத்தம் வருது. உடனே வர முடியுமா?" என்றாள். அண்ணன் இருப்பதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் "இதோ வந்தேன் அண்ணி" என்று வைத்துவிட்டார்.

பத்தே நிமிஷம். இரண்டு தெரு தள்ளித்தான் பட்டறை. சைக்கிள் கேரியரில் ஆயுதப்பையைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கியவர், வாசலிலேயே அண்ணனைப் பார்த்துவிட்டார். திரும்பிப் போகப்போகிறார் என்றே டீச்சர் நினைத்தாள். போகவில்லை. செருப்பைக் கழற்றினார். பிள்ளைகளின் செருப்பு வரிசை முடிந்த இடத்தில் தன்னுடையதையும் நேராக வைத்தார். உள்ளே வந்தார்.

"அண்ணி, எங்கேயிருந்து சத்தம் வருதுன்னு அவரைக் கேளுங்க."

மூன்றடி தூரத்தில் நிற்கிற மனிதரைக் காட்டித்தான் சொன்னார்.

"நடுவுல இருந்து வருதுன்னு சொல்லு" என்றார் மைக் செட்காரர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"நடுவுல இருந்து வருதாம்" என்றாள் டீச்சர்.

"என் தரையில ஓட்டை உடைசல் கிடையாது. செட்டைச் சரியா வச்சிருக்காரான்னு கேளுங்க."

"வச்சிருக்கீங்களா?"

"பதினெட்டு வருஷமா இதே தொழில்ல இருக்கேன்னு சொல்லு."

"அதே பதினெட்டு வருஷம் நானும் மரத்தைத்தான் அறுக்குறேன்னு சொல்லுங்க அண்ணி."

பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். பட்டன் கையால் கேட்டான்: 'இவங்க ரெண்டு பேருக்கும் காது கேட்காதா, டீச்சர்?'

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒருவர் பேசுவதை இன்னொருவருக்கு எடுத்துச் சொல்வதுதான் அவள் பிழைப்பு. காது பளிச்சென்று கேட்கிற இரண்டு பேருக்கு நடுவில் அந்த வேலையைச் செய்ய வேண்டியிருக்கும் என்று எந்தப் பயிற்சியிலும் யாரும் சொல்லித்தரவில்லை.

உப்புப் பெறாத சண்டை அது. ஒரு பெரிய விழாவில் ஸ்பீக்கர் அலறிவிட்டது. ஆயிரம் பேருக்கு நடுவில் அண்ணன், "வேலை தெரியாதவன் செஞ்ச பெட்டி" என்று சொல்லிவிட்டார். ஸ்பீக்கருக்குப் பெட்டி செய்த தம்பி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "பெட்டி நல்லாத்தான் இருக்கு, திருகத் தெரியலை உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். மறு வாரமே மனைவியோடு வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். ஓரகத்தி கிளம்பும்போது டீச்சரிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

"சரி, போட்டுக் காட்டச் சொல்லுங்க" என்றார் தம்பி.

மைக் செட்காரர் சுவிட்சைப் போட்டார். டம். டம். டம். சுத்தமான சத்தம். கரகரப்பே இல்லை.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பார்த்துவிட்டோமே என்று அண்ணனும் தம்பியும் உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"இப்ப சரியா இருக்கு" என்றாள் டீச்சர். பிள்ளைகளை ஏறச் சொன்னாள். ஏறினார்கள். கிர்ர்ர்.

"அப்ப பிள்ளைங்க குதிக்கிறதுலதான்..." என்று ஆரம்பித்தார் அண்ணன்.

"குதிக்கிறதுக்குத்தானே தரையே செஞ்சிருக்கு" என்றார் தம்பி. அப்போதும் பதில் டீச்சருக்குத்தான் சொல்லப்பட்டது.

கன்னக்குழி மட்டும் இவர்களைப் பார்க்கவில்லை. தரையின் நடுவில் மண்டியிட்டு, உள்ளங்கையைப் பலகை பலகையாக வைத்து வைத்து எடுத்தாள். பிறகு கன்னத்தை வைத்தாள். பட்டனைக் கையைப் பிடித்து இழுத்துத் தரையிலிருந்து இறக்கிவிட்டாள். மறுபடி கன்னத்தை வைத்தாள். அடுத்து இரண்டு பேரை இறக்கினாள். அடுத்து மூன்று பேரை. ஒரு கட்டத்தில் கையை உயர்த்தி நிறுத்து என்றாள்.

டீச்சர் அருகில் போய் உட்கார்ந்தாள்.

'எட்டு பேர் நின்னா எறும்பு இல்ல. ஒன்பதாவது ஆள் ஏறினா வருது. இங்கே.' அவள் ஒரு விரலால் பலகையைக் குத்திக் காட்டினாள். பிறகு ஒரு கையைத் தட்டையாக விரித்து, அதன் கீழே மற்றக் கையை முஷ்டியாக வைத்து, மேல்கையை மெல்ல அழுத்தினாள். மேல்கை போய் முஷ்டியில் இடித்தது.

டீச்சர் அதைச் சொல்லிக் காட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இரண்டு ஆண்களும் ஒரே சமயத்தில் கன்னக்குழியின் கைகளைப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள்.

"பெட்டியில இடிக்குது" என்றார் அண்ணன்.

"எப்படி இடிக்கும்? நாலு விரக்கடை இடம் விட்டிருக்கேனே" என்றார் தம்பி.

இடையில் டீச்சர் இல்லாமல் வந்த முதல் இரண்டு வாக்கியங்கள் அவை. பேசிய இருவரும் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. டீச்சர் கவனித்தாள். மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

*

தரையின் நடுவில் சதுரமாக ஒரு மூடி. எட்டு ஸ்க்ரூ. தம்பி திருப்புளியை எடுத்துக்கொண்டு குனிந்தவர், எட்டையும் சற்று நேரம் பார்த்தார்.

"நான் போட்ட மாதிரியே இருக்கு" என்றார். "மத்தவங்க யார் திறந்து மூடினாலும் ஆளுக்கொரு பக்கம் கோணிக்கிட்டு நிக்கும். கோடு பார்த்து நேராக்கி வச்சிருக்கீங்க."

"எல்லாத் தலையையும் ஒரே பக்கம் திருப்பி வைக்கிற கிறுக்கு எனக்குத் தெரிஞ்சு உலகத்துலயே ஒரு ஆளுக்குத்தான் உண்டு" என்றார் அண்ணன். "சனிக்கிழமை பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. கலைச்சு வைக்க மனசு கேட்கல."

டீச்சருக்குக் காது சூடாயிற்று. மூன்று வாரமாக அவள் ஓடிய ஓட்டம், சொன்ன பொய், பிரித்துக்கொடுத்த நாள்கள்.

"அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"காலையில அதனாலதானே கேட்டேன், யார்னு. நீயா சொல்லுவேன்னு பார்த்தேன்."

"உங்களுக்கு?" என்று கொழுந்தனைப் பார்த்தாள்.

"எனக்கு இப்பத்தான் தெரியும் அண்ணி. ஆனா கடையில வாங்கின ஸ்பீக்கர்னு நீங்க சொன்னப்பவே நம்பல. உங்களுக்குப் பொய் சொல்ல வரல."

மூடியைத் தூக்கினார்கள். உள்ளே ஸ்பீக்கர் பெட்டி மல்லாந்து கிடந்தது. அதன் அடியில் இரண்டு செங்கல்.

"செங்கல் எதுக்கு?" என்றார் தம்பி.

"சிமெண்டுத் தரை ஓதம் வாங்குது. பெட்டி ஊறிப்போயிடும்னு தூக்கி வச்சேன்."

"நாலுல மூணு விரக்கடை செங்கல்லுக்கே சரியாப் போச்சே. மிச்சம் ஒரு விரல். பிள்ளைங்க ஏறினா பலகை அமுங்கும். துள்ளணும்னுதான் நடுவுல சட்டத்தைக் குறைச்சு வச்சிருக்கேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

சொல்ல வந்ததை அவர் முடிக்கவில்லை. யாரை யார் கேட்டிருக்க முடியும்?

"தப்பு என்னோடது" என்றாள் டீச்சர். "உங்க ரெண்டு பேரையும் ஒரே நாள்ல வரச் சொல்லியிருந்தா இது வந்தே இருக்காது. சண்டை வந்துடும்னு பயந்து நான்தான் ஆளுக்கொரு பக்கமா ஒளிச்சு வச்சேன்."

தம்பி பெட்டியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். மூலையில் ஓர் இடத்தில் கை நின்றது.

"இது அந்தப் பெட்டிதானே."

"ம்."

"இன்னுமா வச்சிருக்கீங்க?"

அண்ணன் ஆம்ப்ளிஃபயர் பக்கம் திரும்பி வயரைச் சுருட்டினார். சுருட்டியதையே பிரித்து மறுபடி சுருட்டினார்.

"நல்ல பெட்டி அது" என்றார்.

தம்பி தலையை நிமிர்த்தவில்லை. ஆயுதப்பைக்குள் கையைவிட்டு வெகுநேரம் எதையோ தேடினார். அவர் முகத்தை மறைத்துக்கொள்ள அந்தப் பை உதவியது. கடைசியில் எடுத்தது ஒரு தடித்த ரப்பர் துண்டு.

"செங்கல்லை எடுத்துட்டு இதை வெட்டி வைப்போம். ஓதமும் ஏறாது, உயரமும் போகாது. பிடிங்க அந்தப் பக்கம்."

"பிடிக்கிறேன்."

அப்போதுதான் தலைமை ஆசிரியை வாசலில் வந்து நின்றார். இந்த அறையைப் பற்றி ஆரம்பத்திலிருந்தே அவருக்கு நம்பிக்கை கிடையாது. பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவு என்று இரண்டு தரம் எழுதியே கொடுத்தவர்.

"டீச்சர், அந்த அம்மா வந்துட்டாங்க. பதினொண்ணுதான் ஆகுது. சீக்கிரமா..." அவர் கண் தரையில் இருந்த ஓட்டையில் விழுந்தது. நடுவில் கவிழ்ந்து படுத்திருந்த இரண்டு ஆண்களின் முதுகைப் பார்த்தார். "ஐயோ, என்ன இது?"

"இருபது நிமிஷம் மேடம்."

தலைமை ஆசிரியை ஒரு கணம் நின்றார். சத்தம் போடப்போகிறார் என்று டீச்சர் தயாரானாள்.

"நூலகப் பதிவேடு இருக்கு" என்றார் அவர். "முப்பது வருஷப் பதிவேடு. ஒவ்வொரு பக்கமாக் காட்டுறேன். இருபது நிமிஷம், அதுக்கு மேல என்னால இழுக்க முடியாது." போய்விட்டார்.

*

அறக்கட்டளை அம்மாள் வந்தபோது எட்டாவது ஸ்க்ரூ ஏறிக்கொண்டிருந்தது. தம்பி கடைசியாக அதன் தலையை நேராக்கிவிட்டுத்தான் எழுந்தார். பிள்ளைகளை வைத்துப் போட்டுப் பார்க்க நேரமில்லை.

அம்மாளுக்கு அறுபது வயது இருக்கும். கையில் ஒரு கோப்பு. பதிவேட்டின் தூசியில் தும்மிக்கொண்டே வந்தார். வணக்கத்துக்கு மறுவணக்கம் சொல்லிவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"நீங்க ஒரே வரி எழுதின டீச்சர்தானே? அதைக் காட்டுங்க."

பதினான்கு பேரும் நாலு வரிசையாக ஏறினார்கள். டீச்சர் கன்னக்குழியின் முகத்தையே பார்த்தாள். அண்ணன் சுவிட்சில் கைவைத்து, தம்பியைப் பார்த்தார். தம்பி தலையசைத்தார்.

டம்.

கன்னக்குழியின் கன்னத்தில் குழி விழுந்தது. டீச்சருக்கு அது போதும். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பிள்ளைகள் வலது கால் வைத்தார்கள், இடது கால் வைத்தார்கள். அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"முன்னாடி நிக்கிற பிள்ளையைப் பார்த்து மத்தவங்க செய்யுறாங்களோ? எனக்கு அது தெரியணும். எல்லாரையும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துத் திரும்பச் சொல்றீங்களா? கண்ணையும் மூடிக்கட்டும்."

டீச்சர் திடுக்கிட்டாள். இதை அவர்கள் பழகவே இல்லை. கண்ணை மூடச் சொல்வது இந்தப் பிள்ளைகளுக்கு உலகத்தையே அடைக்கச் சொல்வது மாதிரி. ஒவ்வொருவரிடமும் போய்க் கையால் சொன்னாள். சிலர் தயங்கினார்கள். பட்டன் தன் பட்டனைப் பிடித்துக்கொண்டான். 'பயமா இருந்தா திறந்துக்கலாம்' என்றாள். ஒவ்வொருவராகக் கண்ணை மூடினார்கள்.

பதினான்கு முகமும் நான்கு சுவர்களைப் பார்த்தபடி நின்றன. யாருக்கும் யாரும் தெரியாது. அறையில் தாளம் ஒன்றுதான்.

முதல் நாலு அடிக்கு யாரும் அசையவில்லை. ஐந்தாவது அடிக்குக் கன்னக்குழியின் கால் எழுந்தது. கூடவே இன்னும் ஆறு கால். அடுத்த அடிக்குப் பத்து. கடைசி வரிசையில் எல்லோரிலும் சின்னவள் ஒருத்தி இரண்டு அடி பிந்தி வந்தாள். தடுமாறினாள். நின்றாள். உள்ளங்காலை முழுசாகத் தரையில் பதித்துக் காத்திருந்து, சரியான இடத்தில் சேர்ந்துகொண்டாள்.

பதினான்கு கால்கள் ஒன்றாக இறங்கின. பலகை துள்ளிக் கொடுத்தது. மறுபடி இறங்கின.

அம்மாள் விரலை உயர்த்தி, வேகம் என்று மைக் செட்காரருக்குச் சைகை காட்டினார். அவர் வேகத்தைக் கூட்டினார். கண் மூடிய பதினான்கு பேரும் வேகத்தைக் கூட்டினார்கள். பட்டன் பட்டனை விட்டுவிட்டு இரண்டு கையையும் வீசிக்கொண்டு மிதித்தான். வாயைத் திறந்து சத்தமாகச் சிரித்தான். அவன் சிரிப்பது அவனுக்குக் கேட்காது. தலைமை ஆசிரியைக்குக் கேட்டது. அவர் கண்ணைத் துடைத்துவிட்டு, பதிவேட்டுத் தூசி என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

தாளம் நின்ற அதே நொடியில் பதினான்கு பேரும் நின்றார்கள்.

அறக்கட்டளை அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் ஏறினார். "எனக்கும் ஒரு தடவை போடுங்க" என்றார். போட்டார்கள். நின்று பார்த்தார். பிறகு அங்கேயே, தரையின் ஓரத்தில் உட்கார்ந்து, கோப்பை முழங்காலில் வைத்து எழுதினார். ஒரே வரிதான் எழுதினார் என்பதை டீச்சர் எட்டிப் பார்க்காமலே தெரிந்துகொண்டாள்.

"அடுத்த வருஷமும் நடத்துங்க" என்றார் கையெழுத்துப் போட்டபடி. "வேற மூணு பள்ளியில இதே மாதிரி வகுப்பு இருக்கு. அவங்களுக்கும் வேணும். யார் செஞ்சது இதை?"

"என் தம்பி" என்றார் மைக் செட்காரர்.

தம்பி ஓரடி முன்னால் வந்தார். "தரை நான்தான். உள்ளே இருக்குற பெட்டியும் நான் செஞ்சதுதான். ஆனா திருகுறதுக்கு எங்க அண்ணன் வேணும்."

*

சாயங்காலம் நாலரைக்கு டீச்சர் வீட்டுக்கு வந்து, பையை வைத்த இடத்திலேயே தானும் உட்கார்ந்தாள். காலையில் வராத பசி இப்போது இரட்டிப்பாக இருந்தது. மைக் செட்காரர் அவளுக்கு முன்பே வந்து டீ போட்டு வைத்திருந்தார்.

"கடையை மூடிட்டீங்களா?"

"மூடிட்டேன். அவன் பட்டறைக்குப் போயிட்டு வந்தேன். மூணு தரைக்கு மரம் எவ்வளவு வேணும்னு பேசினோம்."

"பேசினீங்களா?"

"ஒரு மணி நேரம். அதுல முக்கால் மணி நேரம் சண்டை. பலகை கனம் எவ்வளவு இருக்கணும்னு."

அவள் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்ற வேண்டியதாயிற்று. அவரும் சிரித்தார். இந்த வீட்டில் இப்படி ஒரு சாயங்காலம் வந்து எத்தனை நாள் ஆயிற்று. டீ ஆறிப்போனதைக்கூட இருவரும் கவனிக்கவில்லை.

"இனிமே எங்கிட்ட எதையும் ஒளிக்காதே" என்றார் அவர்.

"ஒளிக்க வரலைன்னுதான் ரெண்டு பேரும் சொல்லிட்டீங்களே."

போன் அடித்தது. பெயரைப் பார்த்து டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு வருஷமாக அழைக்காத எண். ஓரகத்தி.

"அக்கா, இவர் விசில் அடிச்சிக்கிட்டே வீட்டுக்கு வந்தார். குளிக்கும்போதும் விசில். என்ன பண்ணீங்க நீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல. எல்லாம் பிள்ளைங்கதான்." டீச்சர் போனை மறு காதுக்கு மாற்றினாள். "நீ நல்லா இருக்கியா?"

"இருக்கேன். அன்னிக்கு உங்ககிட்ட சொல்லாம கிளம்பினேன்ல, அதை நினைச்சு எத்தனை நாள்..." அவள் நிறுத்தினாள். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு வேறு குரலில் கேட்டாள். "அக்கா, மாமா உங்ககிட்ட அந்த விஷயத்தைச் சொன்னாரா?"

டீச்சர் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "எந்த விஷயம்?"

அந்தப் பக்கம் குளியலறையிலிருந்து வரும் விசில் தூரத்தில் கேட்டது.

"அப்ப இன்னும் சொல்லல" என்றாள் ஓரகத்தி. "சரி. நீங்க மாமாகிட்ட ஒண்ணும் கேட்டுக்காதீங்க. நாளைக்கு நானே நேர்ல வர்றேன்."